நான் சாகக் கொடுத்த மீன்கள்

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆறு வருடமாக இருக்கிறது. தினம் காலையில் நாற்பது நிமிடம் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் குளத்துப் பக்கமே போயிருக்க மாட்டேன். ஆகவே நடந்ததில் அவருக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றபடி நல்ல மனிதர்.

அன்புள்ள அதீபா, நீங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது, சீத்தா கேம்ப் வீட்டில் அம்மா வாசித்துச் சொல்வார் என்றீர்கள். அதனால் இது உங்கள் அம்மா சைனப் அக்காவுக்கும் சேர்த்துத்தான். அக்கா, நாம் பார்த்துக்கொண்டதில்லை. என் பெயர் ராஜபாண்டி, வயது ஐம்பத்தொன்பது. தாராவியில் முப்பது வருடம் பாத்திரக்கடை வைத்திருந்தேன், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். செம்பூரில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் ஆறாவது மாடியில் இருக்கிறேன். கட்டடத்துக்குப் பின்னால், அந்தக் காலத்தில் கல் உடைத்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஒரு குளம் உண்டு. அந்தக் குளம் ஏன் கெட்டது என்று பார்க்கத்தான் மீன் ஆராய்ச்சி செய்கிற உங்கள் மகளைக் காலேஜிலிருந்து வரவழைத்தார்கள்.

குளத்தின் நிலைமை உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ரஞ்சனா ஒன்பது வருடமாக அதில் வளர்த்த அல்லிகள் ஒன்று பாக்கியில்லாமல் போய்விட்டன. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. தோட்டக்காரன் இசக்கிராஜ் மருந்தைக் கொட்டிக் கெடுத்துவிட்டான் என்று எங்கள் சொசைட்டி கமிட்டி நினைக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடி அவனை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள். வேலை போனால் பம்ப் ரூமுக்கு மேலே அவன் குடியிருக்கும் அறையும் போகும். அவனுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை இருக்கிறது.

இசக்கிராஜ் எதையும் கொட்டவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

நாங்கள் இந்த வீட்டில் பால் காய்ச்சியபோது என் மைத்துனன் சொரிமுத்து ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வடகிழக்கு மூலையில் வைத்தான். எட்டுத் தங்கமீன், ஒரு கறுப்பு மீன். வாஸ்துப்படி ஒன்பது. பம்பாயில் பாதி வீட்டில் இது உண்டு. குஜராத்தி வைக்கிறான், மராட்டி வைக்கிறான், நாம் மட்டும் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று நாமும் வைக்கிறோம். வீட்டுக்கு வருகிற திருஷ்டியையும் கெடுதலையும் மீன் வாங்கிக்கொண்டு செத்துப்போகும். செத்ததற்குப் பதில் புதிதாக ஒன்றை வாங்கிவிட வேண்டும். மீன் செத்தால் அழக் கூடாது, ஒரு கண்டம் கழிந்தது என்று நிம்மதியாகக் காப்பி குடிக்க வேண்டும்.

முதல் மாதத்திலேயே மூன்று செத்தன. என் மனைவி விஜயலட்சுமிக்கு அவ்வளவு சந்தோஷம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டுச் சொன்னாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கடையை மகனிடம் கொடுத்தபின் எனக்குப் பார்க்க வேறு வேலையும் இல்லை. அதனால் மீன் வளர்ப்பைக் கற்றுக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன். தீனியைக் குறைத்தேன். பம்ப் வாங்கி மாட்டினேன். அதன் பிறகு ஒன்றரை வருடம் ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம் வளர்ந்துவிட்டது.

நல்ல காரியம் செய்தால் பெயர் கெடும் என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

"என்னங்க, இதுக சாவவே மாட்டேங்குதே" என்றாள் விஜயலட்சுமி. "அப்ப வார திருஷ்டியெல்லாம் எங்கன போவும்? தொட்டித் தண்ணிக்குள்ள கெடந்து ஊறிக்கிட்டுல்லா இருக்கும்."

எங்கள் மகள் மாரிசெல்விக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. மூன்று வீட்டார் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். முலுண்டிலிருந்து வந்த நாலாவது வீட்டார் ஃபோன் பண்ணுகிறோம் என்று சொல்லி ஆறு வாரமாகியும் பண்ணவில்லை. விஜயலட்சுமி தினமும் தொட்டிக்கு முன்னால் போய் நின்று மீன்களைப் பார்க்க ஆரம்பித்தாள். கையில் சில நாள் உப்பு டப்பா இருக்கும். அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு கொலை நடக்காமல் தடுத்தேன் என்பதை மட்டும் இங்கே கவனிக்க வேண்டும்.

ஒரு நாள் விடிகாலையில் நான் இருப்பதிலேயே பெரிய மீனை ஒரு தூக்குச்சட்டியில் தண்ணீரோடு எடுத்து மூடினேன். "ஒண்ணு போயிட்டு" என்று விஜயலட்சுமியிடம் சொன்னேன். அவள் எழுந்து பார்க்க வந்தாள். செத்த மீனை வீட்டுக்காரர்கள் பார்த்தால் அது கொண்டுபோன கெடுதல் திரும்பி வந்துவிடும் என்றேன். அவள் உடனே கண்ணை மூடிக்கொண்டாள். இந்த விதி எந்த வாஸ்துப் புத்தகத்திலும் கிடையாது. அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது. இன்றைக்கு உல்லாஸ்நகர் வரைக்கும் நம் ஆட்கள் இதைக் கடைப்பிடிக்கிறார்கள்.

குளத்தில் தூக்கைச் சாய்த்தேன். மீன் ஒரு கணம் அப்படியே நின்றது. சுவர் இல்லாத தண்ணீரை அது அதற்கு முன் பார்த்திருக்காது. பிறகு வாலை ஒரு தட்டு தட்டி அல்லி இலைகளுக்கு அடியில் போய்விட்டது. இலை அசைவது நிற்கும்வரை கரையில் நின்று பார்த்தேன், மறைக்க விரும்பவில்லை. அன்று காலை பதினோரு மணிக்கு முலுண்டிலிருந்து ஃபோன் வந்தது, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று.

நான் யோசித்து நடக்கிறவன். மீன் சாகாமலேயே காரியம் நடந்தது என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதிலிருந்து நான் கண்டுபிடித்தது, மீன் சாக வேண்டிய அவசியமில்லை, செத்ததாகச் சொன்னால் போதும் என்பது. மீனுக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது. இதில் என்ன தப்பு என்று யாராவது சொல்லட்டும்.

கல்யாண வீட்டில் விஜயலட்சுமி வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் சொரிமுத்து தாராவியிலிருந்து பிளாஸ்டிக் பையில் ஒரு மீனோடு வந்தான். "அத்தான், எங்க வீட்டுது செத்துத் தொலைய மாட்டேங்கு. உங்க கையில நாலு நாள் இருக்கட்டும்" என்றான். மறுநாளே செத்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்கு மூன்று வருடமாக இருந்த மூலம் அந்த வாரம் சரியாகிவிட்டது. ஆபரேஷனும் அதே வாரம்தான் நடந்தது. ஆனால் யாரும் ஆபரேஷனைப் பற்றிப் பேசவில்லை.

அதன் பிறகு நிற்கவில்லை. துபாய் விசாவுக்கு ஒரு மீன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு ஒரு மீன். காலி செய்ய மாட்டேன் என்கிற வாடகைக்காரருக்கு இரண்டு மீன். ராஜபாண்டி அண்ணாச்சி கைராசிக்காரர், அவர் கையில் கொடுத்தால் பொழுது விடிவதற்குள் மீன் போய்விடும் என்று பேச்சு பரவியது. நான் ஒரு பைசா வாங்கியதில்லை. ஒரு தடவை வெற்றிலை பாக்குத் தட்டு வைத்தார்கள். ஒரு தடவை அரைக்கிலோ அல்வா கொடுத்தார்கள், அதையும் நான் தொட முடியாது.

பெருமைக்காகச் செய்தேன் என்று யாராவது சொல்லக்கூடும். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் கடையில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தேடி என்று ஒருவரும் வந்ததில்லை, குக்கரைத் தேடித்தான் வந்தார்கள். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் "சொரிமுத்து அத்தானா?" என்பார்கள். இப்போது சொரிமுத்துவைத்தான் "கைராசிக்கார அண்ணாச்சியோட மச்சினனா?" என்று கேட்கிறார்கள். முதல் பந்தியில் முதல் இலை எனக்குப் போடுகிறார்கள். நான் கேட்டு வாங்கியதில்லை. போட்ட இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போவது மரியாதையில்லை என்பதால் உட்கார்ந்தேன்.

போன வருடம் இசக்கிராஜ் வந்தான். லிஃப்டில் ஏறாமல் ஆறு மாடியும் படியில் ஏறி வந்திருந்தான். அவன் மனைவிக்கு மாதம் நெருங்கிவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கையில் ஒரு சின்னப் பை. உள்ளே முட்டைக்கண் வைத்த ஒரு கறுப்பு மீன்.

"அண்ணாச்சி, எங்கிட்டத் தொட்டியெல்லாம் கெடையாது. குர்லாவுல போயி ஒண்ணுதான் வாங்குனேன். கறுப்பு ஒண்ணே போதுமா, இல்ல செவப்பும் சேக்கணுமா?"

போதும் என்றேன். மறுநாள் அதைக் குளத்தில் விட்டேன். பத்து நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சௌக்கியம். துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். ராஜலட்சுமி என்று பெயர் வைத்திருந்தான், என் பெயரிலும் விஜயலட்சுமி பெயரிலும் பாதிப் பாதி எடுத்து. எனக்கு அன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இனிக் குளத்துக்கு வருகிறேன். தினமும் நடக்கப் போகும்போது ஊறவைத்த பட்டாணியும் சப்பாத்தித் துண்டும் தூக்குச்சட்டியில் கொண்டுபோவேன். மூடியை இரண்டு தடவை தட்டுவேன், வந்துவிடும். முதலில் பத்து. பிறகு ஐம்பது. பிறகு எண்ண முடியவில்லை. சில மீன்கள் ஒரு அடி நீளத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன. தங்கமீனை என்னவென்று நினைத்தோம், தொட்டி சின்னதாக இருந்ததால் அதுவும் சின்னதாக இருந்திருக்கிறது.

ஏன் இப்படி ஆனது என்று நீங்கள் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாதாம். வாய், அதிலிருந்து நேரே குடல். போதும் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லாததால் நாள் முழுக்கத் தின்றுகொண்டேயிருக்குமாம். தலைகீழாக நின்று சேற்றை வாய் நிறைய அள்ளி, சலித்து, வேண்டாததைத் துப்புமாம். நாலு மீன் துப்பினால் தெரியாது, ஆயிரம் மீன் துப்பினால் குளம் டீயாகிவிடும். அப்படிக் கிளறும்போது அல்லிக் கிழங்கு வேரோடு வந்துவிடும். தவளை முட்டையைத் தின்னும், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும், கிடைத்தால் தன் முட்டையையும் தின்னும். இத்தனைக்குப் பிறகும் குஞ்சுகள் மிஞ்சும், ஏனென்றால் ஒரு பெண் மீன் ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். காலை நேரத்தில் நாலைந்து ஆண் மீன்கள் ஒரு பெண் மீனைச் செடிகளுக்குள் துரத்தி முட்டித் தள்ளுவதை நானே பார்த்திருக்கிறேன். நான் நாகரிகமாகத் திரும்பி நின்றுகொள்வேன். சைனப் அக்கா, இந்த இடத்தை நீங்கள் தாண்டிவிடலாம்.

அப்படியானால் இத்தனை தங்கமீன் இருப்பது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று வெங்கி கேட்டார். அவர்தான் எங்கள் சொசைட்டி செக்ரட்டரி. குஞ்சுகள் பிறக்கும்போது தங்க நிறத்தில் இருப்பதில்லை, சேற்றுப் பச்சையாகத்தான் இருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். வளர வளர நிறம் மாறும். பளபளவென்று மாறியதைக் கொக்கும் நீர்க்காகமும் முதலில் தூக்கிப் போய்விடும், மங்கலாகவே இருப்பதுதான் பிழைக்கும். ஆகவே பார்க்கிறவர்கள் ஏதோ கெண்டை என்று நினைத்துவிட்டார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. மீன் தண்ணீரைத்தான் கலக்கும், அல்லியையும் தவளையையும் கொன்றது மருந்துதான் என்பதை மட்டும் வெங்கி விடவில்லை.

தண்ணீரில் காற்றே இல்லாமல் போனால் மற்ற மீன்கள் செத்துவிடும், தங்கமீன் மட்டும் உடம்புக்குள்ளேயே சாராயம் உண்டாக்கிச் செவுள் வழியாக வெளியே விட்டுக்கொண்டு தாக்குப்பிடிக்கும் என்றும் சொன்னீர்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. நான் வாழ்நாளில் பீர்கூடத் தொட்டதில்லை.

இன்னொன்றும் சொன்னீர்கள். முட்டைக்கண் வைத்த கறுப்பு மீனுக்குச் சரியாகக் கண் தெரியாது, வெளிக்குளத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று. அப்படிப் பார்த்தால் இசக்கிராஜ் கொடுத்த மீன் உண்மையாகவே செத்திருக்கிறது. எனக்கு மீன் கொடுத்த இத்தனை பேரில் நான் பொய் சொல்லாத ஒரே ஆள் அவன்தான். அவன் விஷயத்தில் நான் நூற்றுக்கு நூறு நேர்மையாக நடந்திருக்கிறேன்.

ரஞ்சனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலை அவர் கரையில் நின்றுகொண்டிருந்தார். கையில் அழுகிய அல்லிக் கிழங்கு ஒன்று. கடைசி நீல அல்லி அது. குழந்தை இல்லாதவர், புருஷன் கப்பலில் வேலை பார்ப்பவர். அழுதுகொண்டே இந்தியில் ஏதோ சொன்னார். நான் பக்கத்தில் நின்று ஆறுதல் சொன்னேன். உலகம் முழுக்க வெயில் கூடிப்போயிற்று, பனிமலையே உருகுகிறது, அல்லி எம்மாத்திரம் என்றேன். தூக்குச்சட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதில் அன்றைக்கு உல்லாஸ்நகர் மீன் இரண்டு இருந்தன. ரஞ்சனா போகும்வரை காத்திருந்து அவற்றைக் குளத்தில் விட்டேன், அவர் மனம் புண்படக் கூடாது என்பதற்காக. தவளைச் சத்தம் நின்றுபோனதையும் என் கணக்கில் எழுதுவீர்கள். அதனால் நாலு மாடி வரைக்கும் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

ரஞ்சனா கமிட்டியில் புகார் கொடுத்தார். குளத்தைச் சுத்தம் செய்கிறவன் யார், இசக்கிராஜ். மருந்து டப்பா யார் அறையில் இருக்கிறது, இசக்கிராஜ் அறையில். அது ரோஜாச் செடிக்கு அடிக்கிற மருந்து, போன வருடம் வாங்கியது, மூடிகூடப் பிரிக்கவில்லை. ஆனாலும் வெங்கிக்கு ஒரு ஆள் தேவையாக இருந்தது.

பிறகு போன சனிக்கிழமை நீங்கள் வந்தீர்கள். எல்லோரும் கரையில் நின்றோம். நீங்கள் சின்ன வலையை வீசிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தீர்கள். இசக்கிராஜ் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தேன். தூக்குச்சட்டியை வேண்டுமென்றேதான் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். தங்கமீனுக்கு மூன்று செகண்டுதான் ஞாபகம் இருக்கும் என்று ஊரே சொல்கிறது, நானும் அதை நம்பித்தான் இருந்தேன்.

நான் கரையில் கால் வைத்ததும் குளம் கொதிக்கிற மாதிரி ஆயிற்று. ஆயிரம் வாய்கள் மேலே வந்து என்னைப் பார்த்துத் திறந்து திறந்து மூடின. பின்னால் இருந்த மீன்கள் முன்னால் இருந்த மீன்கள் மேல் ஏறின. நான் இடது பக்கம் நகர்ந்தேன். அத்தனையும் இடது பக்கம் வந்தன. வலது பக்கம் நகர்ந்தேன்.

"என்ன சார் இது, நீங்க நகந்தா அதுகளும் நகர்றதே" என்றார் வெங்கி. "நீங்க என்ன ராசி, மீனமா?"

"கடகம்" என்றேன்.

"ராஜபாண்டிஜி, இன்கோ ஆப் மாலூம் ஹை க்யா?" என்று ரஞ்சனா கேட்டார். இதுகளுக்கு உங்களைத் தெரியுமா என்று அர்த்தம். வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டிருக்கும், மூன்று செகண்டில் மறந்துவிடும் என்று சொன்னேன்.

அப்போதுதான் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "அங்கிள், அது சும்மா சொல்றது. தங்கமீனுக்கு மாசக்கணக்குல ஞாபகம் இருக்கும். சோறு போட்ட ஆளை மறக்காது."

இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். நான் மூன்று செகண்டு யோசித்துவிட்டு, வாயில்லா ஜீவன்களுக்கு எப்போதுமே என்னைப் பிடிக்கும் என்றேன். வெங்கி நம்பினார். அவர் பாங்கில் இருந்தவர், கூட்டமாக வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவர். நீங்கள் நம்பவில்லை. எல்லோரும் போனபின் என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனீர்கள். மீன்கள் அத்தனையையும் வலை போட்டு எடுக்க வேண்டும், வேறு குளத்தில் விட்டால் அந்தக் குளமும் கெடும், ஆகவே கொன்றுதான் ஆக வேண்டும் என்றீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "நீங்களே எழுதிக் குடுத்துருங்க அங்கிள். அந்த அண்ணன் பாவம், புள்ளய வெச்சிருக்காரு."

நான் உடனே எழுதவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. மீன்கள் உயிரோடு இருக்கின்றன என்று வெளியே தெரிந்தால் அவை எந்தக் கெடுதலையும் கொண்டுபோகவில்லை என்று ஆகிவிடும். மீன் கொடுத்த அறுபது குடும்பத்துக் கெடுதலும் அப்படியே பாக்கி. விசா, பரீட்சை, மூலம், எல்லாம் சந்தேகத்துக்கு வந்துவிடும். என் மகள் முலுண்டில் மாமியாரோடு இருக்கிறாள். ஒருவன் வேலைக்காக அறுபது குடும்பத்தின் நிம்மதியைக் கெடுப்பதா என்று நிதானமாக யோசித்தேன். எனக்காக இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டினான் இசக்கிராஜ். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. இந்தத் தடவை தங்கமீன், சுண்டுவிரல் அளவு.

"அண்ணாச்சி, நான் ஒரு சொட்டு மருந்துகூட ஊத்தல. எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றான். "ரூம விட்டுட்டா பச்சப்புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? போன தடவ உங்க கைதான் காப்பாத்திச்சு. இந்த ஒரு தடவையும் பாத்துக்கிடுங்க."

விஜயலட்சுமி அவனுக்கு முறுக்கும் தண்ணீரும் கொடுத்தாள். அவன் முறுக்கைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றேன். பையை வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை அந்த மீனையும் குளத்தில் விட்டேன். போய்விட்டது, கவலைப்படாதே என்று அவனிடம் சொன்னேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்காது. என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் சர்க்கரை பார்த்தேன், நூற்றுப் பத்து. ஆறு வருடத்தில் அவ்வளவு குறைந்ததே இல்லை. எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இனி முறையாகச் சொல்கிறேன். நாலு வருடத்தில் என் வீட்டு மீன்களும் உறவுக்காரர்கள் கொடுத்த மீன்களுமாக நூற்றுக்கும் மேற்பட்ட தங்கமீன்களைச் செத்துவிட்டன என்று சொல்லிக் குளத்தில் உயிரோடு விட்டவன் நான். அவற்றுக்குத் தினமும் தீனி போட்டு வளர்த்தவனும் நான். அல்லிகளும் தவளைகளும் போனதற்குக் காரணம் நான். இசக்கிராஜ் ஒரு தப்பும் செய்யவில்லை. யாரும் என்னை மிரட்டி இதை எழுத வைக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கமிட்டி ஞாயிற்றுக்கிழமை காலை கூடுகிறது. உங்கள் வலை திங்கட்கிழமை குளத்தில் இறங்குகிறது, செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு தங்கமீன் மிஞ்சாது என்றீர்கள். இந்தக் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கமிட்டியிடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் மீன்கள் குளத்தில் நீந்திக்கொண்டிருக்கும், அறுபது குடும்பத்துக்கும் நான் பொய்யனாகிவிடுவேன். செவ்வாய்க்கிழமை கொடுத்தால் அத்தனையும் செத்திருக்கும். செத்துவிட்டன என்று நான் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும், என்ன, கொஞ்சம் முந்திச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். மேலே "உயிரோடு" என்று வருகிற இடங்களை மட்டும் சைனப் அக்கா ஒரு பேனாவால் அடித்துவிடட்டும்.

இசக்கிராஜ் ஞாயிற்றுக்கிழமையே அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளையோடு எங்கே போய்ப் படுப்பான் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் என் கையை நம்பி இரண்டு மீன் கொடுத்தவன், எனக்காக இரண்டு நாள் பொறுத்துக்கொள்ள மாட்டானா?